மலைப்பள்ளி ஆசிரியருக்கு வீடு எங்கே?

சேலத்திலிருந்து சேர்வராயன் மலையிலுள்ள கொட்டச்சேட்டுக்குக் குப்பனூர் வழியாகவும் ஏறலாம், ஏற்காடு போய் அங்கிருந்தும் போகலாம். எந்த வழியானாலும், காலை வணக்கக் கூட்டத்துக்குள் பள்ளியில் நிற்க வேண்டிய ஆசிரியர் விடியுமுன்னே அடுப்பு பற்றவைத்தாக வேண்டும். பேருந்தைத் தவறவிட்டால் அரை நாள் போயிற்று. மாலையிலும் பேருந்து நேரம்தான் பள்ளியின் கடைசி மணி. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்தபோது, மலைப்பள்ளிகளின் வருகைப் பதிவேடு அந்தப் பாதையின் கையில்தான் இருக்கிறது என்பதை மாவட்டமே பார்த்தது.

சேர்வராயன் மலையில் பிள்ளைகள் பின்தங்குகிறார்கள் என்ற பேச்சு வந்தாலே ஆசிரியருக்கு அக்கறை இல்லை என்று முடித்துவிடுகிறோம். பிறகு ஆய்வு, மெமோ, கைபேசியில் வருகைப் பதிவு. நாம் இதை ஏற்கவில்லை. பள்ளிக்கு நடந்துபோகும் தொலைவில் ஆசிரியர் குடியிருக்க அரசு வீடு கட்டித் தராதவரை, இவற்றில் எதுவும் பலன் தராது.

மலையில் ஓர் ஈராசிரியர் தொடக்கப்பள்ளியின் ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்பது 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு. வகுப்புகளோ ஐந்து. காலை உணவு முடிந்ததா என்று பார்க்க வேண்டும். பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் வருகை ஏற்ற வேண்டும். அதற்கு சிக்னல் கிடைக்கும் மேட்டைத் தேடிப் போக வேண்டும். ‘எண்ணும் எழுத்தும்’ வகுப்பில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலை பிரித்து உட்கார வைத்து முடிப்பதற்குள், வட்டார வள மையத்தில் பயிற்சி என்று ஒருவருக்கு அழைப்பு வரும். மீதமிருப்பவர் தலையில் ஐந்து வகுப்பும்.

2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது ஆசிரியர்கள் பலர் வாக்குச்சாவடி நிலை அலுவலர்களாகப் (பி.எல்.ஓ.) படிவத்தோடு வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். சட்டப்படி அதில் தவறில்லை. ஆசிரியரைக் கல்விசாராப் பணிக்கு அனுப்பக் கூடாது என்று சொல்லும் கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவே தேர்தலுக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கும் பேரிடருக்கும் விலக்கு தருகிறது. இருபது ஆசிரியர் உள்ள நகரப் பள்ளியில் ஒருவர் போனால் தெரியாது. இங்கே ஒருவர் போனால் பாதிப் பள்ளி போய்விடுகிறது. அதே நவம்பரில்தான் காப்பிப் பழம் பறிப்பும் தொடங்குகிறது. அப்பாவும் அம்மாவும் தோட்டத்துக்குப் போய்விட, அக்கா தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றுவிடுகிறாள். பறிப்பு முடிவதற்குள் அரையாண்டுத் தேர்வும் வந்துவிடுகிறது.

அந்த அக்காவைப் பள்ளிக்குக் கூட்டிவர ஒரே வழி, தாய் தந்தை வேலை முடிந்து வீடு திரும்பும் நேரத்தில் போய்ப் பேசுவது. அந்த நேரத்தில் ஆசிரியர் பேருந்தில் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிக்கொண்டிருக்கிறார்.

ஆசிரியர் மலையிலேயே தங்குவது ஏற்காட்டுக்குத் தெரியாத பாடமும் அல்ல. 1894-இல் தொடங்கிய சேக்ரட் ஹார்ட் கான்வென்டும் 1917-இல் தொடங்கிய மான்ட்ஃபோர்ட் பள்ளியும் மலை மீது பெயரெடுத்தவை உறைவிடப் பள்ளிகளாகத்தான். அங்கே கற்பித்தவர்களில் ஒரு பகுதியினர் பிள்ளைகளோடு மலையிலேயே இருந்தார்கள். கட்டணம் கட்டிப் படிக்க வெளியூரிலிருந்து வருகிற பிள்ளைக்குக் கிடைத்த அந்த ஏற்பாடு, மலையிலேயே பிறந்த மலையாளிப் பழங்குடிப் பிள்ளைக்கு ஏன் கிடைக்கக் கூடாது? அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன, உண்மைதான். ஆனால் அங்கேயும் பாடம் நடத்துபவரே விடுதிக் காப்பாளராகவும் இருக்க நேர்கிறது.

சொந்தமாக வாடகைக்கு வீடு பிடிக்க வேண்டியதுதானே என்பார்கள். ஏற்காடு நகரில் சுற்றுலாப் பயணிக்கு விட்டால் ஓர் இரவில் வரும் பணத்தை மாத வாடகையாக வாங்க யார் ஒப்புவார்கள்? உள்கிராமங்களிலோ வாடகைக்கு விடுவதற்கென்று யாரும் வீடு கட்டுவதில்லை. ஊழியருக்கு வீடு தருவது அரசுக்குப் புதிதும் அல்ல: காவலருக்கு வீடு கட்ட 1981-இலேயே தனிக் கழகம் அமைத்த அரசு இது. கிராமச் சுகாதாரச் செவிலியர் துணை நிலையத்திலேயே தங்க வேண்டும் என்று எதிர்பார்க்கிற அரசும் இதுதான்.

கட்டினாலும் தங்க மாட்டார்கள், பூட்டியே கிடக்கும் என்ற எதிர்வாதத்தில் நியாயம் உண்டு. தண்ணீரும் கழிப்பறையும் இல்லாமல், ஊருக்கு ஒதுக்குப்புறத்தில் கட்டிய குடியிருப்பில் ஒரு பெண் ஆசிரியர் எப்படித் தங்குவார்? எல்லாரையும் கட்டாயப்படுத்தவும் தேவையில்லை. சேலத்தில் கல்லூரி போகும் மகள் இருப்பவர் இறங்கித்தான் போவார். புதிதாக வேலைக்கு வந்தவர், கணவன் மனைவி இருவருமே ஆசிரியராக இருப்பவர், இவர்களுக்கு முன்னுரிமை கொடுத்தால் வீடு காலியாக இருக்காது. மலைப் பிள்ளைகளே ஆசிரியராக வந்தால் இன்னும் நல்லது. ஆனால் பழங்குடியினருக்கு 1 விழுக்காடு இடஒதுக்கீடும், ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போகும் நியமனமும் அதற்கு இடம் தருவதாக இல்லை. 2022-இல் காலியிடங்களை நிரப்பத் தற்காலிக இடைநிலை ஆசிரியருக்கு அரசு நிர்ணயித்த மாத ஊதியம் 7,500 ரூபாய். அதில் பேருந்துக்கு எவ்வளவு, சாப்பாட்டுக்கு எவ்வளவு?

ஈராசிரியர் மலைப்பள்ளிகளுக்குத் தேர்தல், கணக்கெடுப்புப் பணிகளிலிருந்து விலக்கு தர மாவட்ட ஆட்சியர் ஏற்பாடு செய்யட்டும். பொதுமாறுதல் கலந்தாய்வில் காட்டும் காலியிடப் பட்டியலில், மலை ஊர்களுக்கு எதிரே இன்னொரு கட்டம் சேர்க்கட்டும்: குடியிருப்பு உண்டா, இல்லையா. ‘இல்லை’ என்று வரும் ஊர்களின் பட்டியலை அப்படியே பொதுப்பணித் துறைக்கு அனுப்பி, அடுத்த நிதிநிலை அறிக்கையில் அதற்குப் பணம் ஒதுக்க வேண்டும்.