வாடகை எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள்!

நம் வியாபாரிகள் கடை பிடிப்பதில் கெட்டிக்காரர்கள். ஒரு கடையை வாடகைக்கு எடுப்பதற்கு முன் அந்தத் தெருவில் காலையிலும் மாலையிலும் நின்று ஆள் நடமாட்டத்தைப் பார்ப்பார்கள். அட்வான்ஸ் எவ்வளவு, எத்தனை வருட ஒப்பந்தம், மழை பெய்தால் தண்ணீர் உள்ளே வருமா, கட்டடம் யார் பெயரில் இருக்கிறது, வில்லங்கம் ஏதும் உண்டா என்று ஒன்று விடாமல் விசாரிப்பார்கள். அதே வியாபாரி தன் இணையதளத்துக்கு ஒரு சர்வரை வாடகைக்கு எடுக்கும்போது ஒரே ஒரு கேள்வியோடு நிறுத்திக் கொள்கிறார். மாதம் எவ்வளவு?

ஏன் இந்த வித்தியாசம்? கண்ணுக்குத் தெரியாத கட்டடம் என்பதாலா?

துணி, அத்தர், மசாலா, தோல் பொருட்கள், மொபைல் உதிரி பாகங்கள் என்று நம் சகோதரர்கள் நடத்தும் பல இணையதளங்கள் இன்று வளர்ந்து விட்டன. ஆரம்பத்தில் நூறு, இருநூறு ரூபாய் மாத வாடகையில் பலரோடு ஒரே சர்வரைப் பங்கு போட்டுக் கொண்டார்கள். இதை ஷேர்டு ஹோஸ்டிங் என்பார்கள். ரமளான் கடைசிப் பத்து இரவுகளில் ஆர்டர் வந்து குவியும் நேரத்தில் தளம் திறக்காது. '508' என்ற எண்ணோடு ஓர் அறிவிப்பு மட்டும் வரும். உங்களுக்கு அனுமதித்த அளவு தீர்ந்து விட்டது என்பது அதன் பொருள். உடனே யாராவது ஒருவர், "பாய், தனி சர்வர் எடுத்து விடுங்கள்" என்று யோசனை சொல்வார்.

தனி சர்வர் தேவைதானா என்பதையே முதலில் சிந்திக்க வேண்டும். பல தளங்கள் மெதுவாக இருப்பதற்குக் காரணம் சர்வர் அல்ல. கேமராவில் எடுத்த படத்தைச் சுருக்காமல் அப்படியே ஏற்றியிருப்பார்கள். யாரோ சொன்னார்கள் என்று இருபது முப்பது பிளகின்களைச் சேர்த்திருப்பார்கள். இதைச் சரி செய்தாலே பாதிப் பிரச்சினை தீரும். அதற்கும் மேல் தேவைப்பட்டால் விபிஎஸ் என்ற நடுத்தர ஏற்பாடு இருக்கிறது. ஒரே இயந்திரத்தைத் தடுப்புச் சுவர் வைத்துப் பல பகுதிகளாகப் பிரித்துக் கொடுப்பார்கள். அதுவும் போதாது என்று கணக்குப் பார்த்துத் தெரிந்த பிறகுதான் ஓர் இயந்திரம் முழுவதையும் நமக்கென்று எடுக்கும் டெடிகேட்டட் சர்வர் பற்றிப் பேச வேண்டும்.

பேசும்போது என்ன கேட்பது?

இந்தச் சர்வரை யார் பராமரிப்பது? இதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். குறைந்த வாடகை என்று விளம்பரம் செய்யப்படும் சர்வர்கள் பெரும்பாலும் 'அன்மேனேஜ்டு' வகையைச் சேர்ந்தவை. மின்சாரம், நெட்வொர்க், பழுதான பாகத்தை மாற்றிக் கொடுப்பது ஆகியவற்றோடு அவர்கள் பொறுப்பு முடிந்து விடும். இயங்குதளத்தைப் புதுப்பிப்பது, ஃபயர்வால் போடுவது, பேக்கப் எடுப்பது எல்லாம் உங்கள் தலையில்தான். சென்ட்ஓஎஸ் 7 என்ற இயங்குதளத்துக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2024 ஜூன் 30ஆம் தேதியோடு நின்று விட்டன. உங்கள் சர்வரில் என்ன ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியுமா? தெரிந்த ஆள் உங்களிடம் சம்பளத்துக்கு இருக்கிறாரா? இல்லையென்றால் கூடுதல் பணம் கொடுத்து 'மேனேஜ்டு' வகையை எடுப்பதே உண்மையான சிக்கனம்.

அன்மேனேஜ்டு என்றால்தான் ஆபத்து, நிறுவனமே பராமரித்தால் கவலை இல்லை என்று நினைத்து விடவும் கூடாது. தென்கொரியாவில் நயானா என்ற ஹோஸ்டிங் நிறுவனத்தின் 153 லினக்ஸ் சர்வர்களை 2017 ஜூன் மாதம் பணம் பறிக்கும் கும்பல் பூட்டி விட்டது. 3,400க்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களின் தளங்கள் முடங்கின. சுமார் பத்து இலட்சம் டாலர் கொடுத்துத்தான் மீள முடிந்தது. அந்த நிறுவனத்தின் சொந்தத் தளமே 2008இல் தொகுக்கப்பட்ட லினக்ஸ் கெர்னலில்தான் ஓடிக் கொண்டிருந்தது என்று ட்ரெண்ட் மைக்ரோ ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஊருக்கெல்லாம் பூட்டு விற்பவர் தன் வீட்டுக் கதவைத் திறந்து போட்டிருந்தார்.

தீப்பிடித்தால்?

இப்படிக் கேட்டால் சிலர் சிரிப்பார்கள். 2021ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் தேதி நள்ளிரவு கடந்த நேரத்தில் பிரான்ஸ் நாட்டின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஹெச் நிறுவனத்தின் ஐந்து மாடி சர்வர் கட்டடம் எரிந்து அழிந்தது. ஐரோப்பாவின் மிகப் பெரிய ஹோஸ்டிங் நிறுவனங்களில் அதுவும் ஒன்று. பக்கத்துக் கட்டடத்திலும் ஒரு பகுதி நாசமானது. சுமார் 36 இலட்சம் இணையதளங்கள் முடங்கின என்று நெட்கிராஃப்ட் கணக்கிட்டது. உங்கள் பேரிடர் மீட்புத் திட்டத்தைச் செயல்படுத்துங்கள் என்று நிறுவனத்தின் தலைவர் அறிவித்தார். திட்டம் வைத்திருந்தவர்கள் செயல்படுத்தினார்கள். இல்லாதவர்கள் என்ன செய்திருப்பார்கள்?

அங்கே பேக்கப்புக்கென்று தனியாகப் பணம் கட்டியிருந்த ஒரு வாடிக்கையாளர் நிறுவனத்தின் நிலைதான் நாம் கவனிக்க வேண்டியது. பிரதியை வேறிடத்தில் தனியாக வைப்போம் என்று ஒப்பந்தம் சொன்னது. ஆனால் மூலமும் பிரதியும் ஒரே கட்டடத்தில் இருந்தன. இரண்டும் சேர்ந்தே எரிந்தன. லீல் நகர வணிக நீதிமன்றம் 2023 ஜனவரியில் அந்த வாடிக்கையாளருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்து இழப்பீடு தரச் சொன்னது. வழக்குப் போட முடிந்ததற்குக் காரணம், வாக்குறுதி எழுத்தில் இருந்ததுதான். வாய்வார்த்தையாக இருந்திருந்தால்?

"எங்கள் சர்வரில் ரெய்டு இருக்கிறது, ஒரு டிஸ்க் போனாலும் கவலை இல்லை" என்று விற்பனையாளர் சொல்வார். ரெய்டு என்பது ஒரே தகவலை இரண்டு டிஸ்க்கில் ஒரே நேரத்தில் எழுதும் ஏற்பாடு. நல்லதுதான். ஆனால் நீங்கள் ஒரு டேபிளைத் தவறுதலாக அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் அந்த நொடியே அழிந்து விடும். இதை பேக்கப் என்று சொல்வது ஏமாற்று, அல்லது அறியாமை. டென்மார்க்கில் கிளவுட்நோர்டிக் என்ற நிறுவனத்தை 2023 ஆகஸ்டில் தாக்கியவர்கள் சர்வர்களோடு பேக்கப்புகளையும் சேர்த்தே பூட்டினார்கள். பெரும்பாலான வாடிக்கையாளர்கள் எல்லாவற்றையும் இழந்தார்கள். எனவே ஒரு பிரதியாவது வேறு நிறுவனத்தில், வேறு ஊரில், வேறு பாஸ்வேர்டில் இருக்க வேண்டும். மாதம் ஒரு முறை அதிலிருந்து தளத்தைத் திரும்ப எழுப்பிப் பார்க்கவும் வேண்டும். கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனம் 2017 ஜனவரி 31ஆம் தேதி தன் டேட்டாபேஸைத் தவறுதலாக அழித்த பிறகுதான், தாங்கள் வைத்திருந்த ஐந்து விதமான பேக்கப் ஏற்பாடுகளும் சரியாக வேலை செய்யவில்லை என்பதைக் கண்டுபிடித்தது. அதை மறைக்காமல் அவர்களே வெளியில் சொன்னார்கள் என்பதைப் பாராட்ட வேண்டும்.

வாடிக்கையாளரின் பெயர், முகவரி, போன் நம்பர் எல்லாம் நம்மிடம் உள்ள அமானிதம். அதைக் கரியாக்கி விட்டு, "கம்பெனிக்காரன் ஏமாற்றி விட்டான்" என்று சொன்னால் அவர்கள் ஏற்றுக் கொள்வார்களா?

'99.9 சதவிகிதம் உத்தரவாதம்' என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதத்தில் 43 நிமிடம் நின்று போனாலும் அவர்கள் சொல் தவறியதாக ஆகாது. அதற்கு மேல் போனால் என்ன தருவார்கள்? பொதுவாக வாடகையில் ஒரு சிறு கழிவு. மாத வாடகை 9,000 ரூபாய் என்றால் ஒரு நாளைய வாடகை 300 ரூபாய். பெருநாளைக்கு முந்தைய நாள் முழுவதும் தளம் திறக்கவில்லை என்றால், அந்த முன்னூறைக் கழித்துக் கொள்வார்கள். போன வியாபாரம் உங்கள் கணக்கு.

சர்வர் எந்த ஊரில் இருக்கிறது என்பதையும் கேளுங்கள். ஜெர்மனியில் மலிவாகக் கிடைக்கிறது என்று எடுத்தால், சென்னையில் இருப்பவர் ஒரு பொருளை அழுத்தும் ஒவ்வொரு முறையும் தகவல் ஐரோப்பா வரை போய்த் திரும்ப வேண்டும். வாடிக்கையாளர்கள் தமிழகத்திலும் வளைகுடாவிலும் இருந்தால் சென்னை அல்லது மும்பையே பொருத்தம். 2008 ஜனவரி இறுதியில் எகிப்தின் அலெக்சாண்ட்ரியா அருகே கடலடிக் கேபிள்கள் அறுந்தபோது இந்தியாவிலும் வளைகுடாவிலும் இணையம் தள்ளாடியதை நாம் மறந்து விடக் கூடாது. சட்டமும் இருக்கிறது. சர்வர்களின் பதிவேடுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும், தாக்குதல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று இந்தியாவின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28ஆம் தேதி உத்தரவிட்டது. ஹோஸ்டிங் நிறுவனங்களோடு வணிக நிறுவனங்களுக்கும் அது பொருந்தும்.

யார் பெயரில்?

ஒரு சகோதரரின் தளம் திடீரென்று காணாமல் போனது. விசாரித்தால், டொமைன் பெயரைத் தளம் செய்து கொடுத்த இளைஞர் தன் பெயரிலேயே பதிவு செய்திருக்கிறார். அவர் வெளிநாடு போய் விட்டார். புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதங்கள் எல்லாம் அவர் பார்க்காத ஓர் இமெயிலுக்குப் போயிருக்கின்றன. அவர் மோசடி செய்யவில்லை. இவர் கேட்கவில்லை, அவ்வளவுதான். கடையின் பெயர்ப் பலகையை அடுத்தவர் பெயரில் எழுதி வைப்போமா? டொமைன் உங்கள் பெயரில், உங்கள் இமெயிலில் இருக்க வேண்டும். அதை ஹோஸ்டிங் நிறுவனத்திடமே வாங்காமல் தனியாக வாங்குவது இன்னும் நல்லது. சண்டை வந்தால் வெளியேற வழி இருக்கும். சர்வரின் ரூட் பாஸ்வேர்டும் உங்கள் கையில் ஒன்று இருக்கட்டும்.

இன்னொரு விஷயத்தைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். "நம்ம பையன் கம்பெனி, அவனுக்கே கொடுப்போம்" என்கிறார்கள். தாராளமாகக் கொடுங்கள். நம் இளைஞர்கள் இந்தத் தொழிலில் முன்னேற வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நம்ம பையன் என்பதற்காகக் கேள்வி கேட்காமல் கொடுப்பது அவனுக்கும் நல்லதல்ல. இயந்திரம் உன்னுடையதா, பெரிய நிறுவனத்திடம் வாங்கி மறுவாடகைக்கு விடுகிறாயா என்று கேளுங்கள். மறுவாடகை தவறில்லை. அந்தப் பெரிய நிறுவனத்துக்கு இவன் பணம் கட்டத் தவறினால் உங்கள் தளம் என்னவாகும் என்பதற்கு எழுத்தில் பதில் வேண்டும். நள்ளிரவு இரண்டு மணிக்கு ஒரு கேள்வி அனுப்பி எப்போது பதில் வருகிறது என்று பாருங்கள். மூன்று வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டினால் பாதி விலை என்றால் ஆசைப்படாதீர்கள். முதல் ஆறு மாதம் மாதவாரியாகக் கட்டுங்கள்.

மாறுவது என்று முடிவு செய்தால் பெருநாள், தீபாவளி சீசனில் கை வைக்க வேண்டாம். ஷவ்வாலில் பிறை பார்த்து இரண்டு வாரம் கழித்து வியாபாரம் ஓய்ந்திருக்கும் ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு முந்தைய நாளே டிஎன்எஸ்ஸில் டிடிஎல் அளவை 300 நொடியாகக் குறைக்கச் சொல்லுங்கள். மாற்றிய பிறகும் சிலருடைய போன்கள் கொஞ்ச நேரம் பழைய முகவரிக்கே போகும். அங்கே விழும் ஆர்டரை யாரும் பார்க்க மாட்டார்கள். எனவே மாற்றும் நேரத்தில் பழைய தளத்தில் ஆர்டர் வாங்குவதை நிறுத்தி வையுங்கள். பழைய சர்வரை உடனே ரத்து செய்யாமல் ஒரு மாத வாடகையைச் சேர்த்துக் கட்டி விடுங்கள்.