அந்த 26 வாரம் அக்காவுக்கும்தான்

போன மாசம் நம்ம செமினார் ஹாலில் பிளேஸ்மெண்ட் டாக். "மகப்பேறு விடுப்பு 26 வாரம், முழுச் சம்பளம்" என்று ஒரு ஸ்லைடு வந்ததும் பொண்ணுங்க பக்கம் செம கைதட்டல். அன்னைக்குக் காலையில் அந்த ஹாலைப் பெருக்கித் துடைத்த அக்கா முடிச்சூரிலிருந்து வருபவர். அவருக்கு அப்போ ஏழாம் மாசம்.

ரெண்டு வாரம் கழிச்சு அவர் இடத்தில் வேற அக்கா. கேட்டால், "குழந்தை பிறந்த பிறகு வா, இடம் இருந்தா பாக்கலாம்"னு கான்ட்ராக்டர் அனுப்பிட்டாராம்.

கான்ட்ராக்ட் வேலைன்னா லீவெல்லாம் கிடையாதுன்னுதான் நானும் நினைச்சேன். அது தப்பு. 1961-ம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் தினக்கூலிப் பெண்களுக்கும் பொருந்தும் என்று, டெல்லி மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2000-லேயே தீர்ப்பளித்துவிட்டது. நம்மில் பலர் அப்போ பிறக்கவே இல்லை!

சரி, பணம் யார் தருவது? மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் என்றால் இ.எஸ்.ஐ. இருக்கு. ஊழியர் பங்கு 0.75%, முதலாளி பங்கு 3.25%. முந்தைய ஒரு வருஷத்தில் 70 நாளுக்குப் பங்குத்தொகை கட்டியிருந்தால், முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பளத்தை இ.எஸ்.ஐ.யே கொடுக்கும். கான்ட்ராக்டர் கையிலிருந்து அந்த 26 வாரச் சம்பளம் போகாது. ஆனா பங்குத்தொகை கட்டியிருக்கணும். புது அக்காவிடம் பே ஸ்லிப் பற்றிக் கேட்டேன். சிரித்தார். சம்பளம் கவரில்தான் வருமாம்.

அரசு தரும் முத்துலட்சுமி ரெட்டி உதவி 18,000 ரூபாய் இருக்கேன்னு சிலர் சொல்லலாம். நல்ல திட்டம்தான். ஆனா அது உதவித்தொகை. போன வேலையை அது திருப்பித் தராது.

"அது கான்ட்ராக்டர் பிரச்னை, காலேஜ் என்ன பண்ணும்?" என்பதும் சரியில்லை. கான்ட்ராக்டர் மூலம் வருபவர்களுக்கும் இ.எஸ்.ஐ. கட்டும் பொறுப்பு முதலில் வேலை வாங்கும் நிறுவனத்துக்குத்தான் என்று அந்தச் சட்டமே சொல்கிறது.

அதனால் நிர்வாகத்திடம் நாம் கேட்க வேண்டியது ரெண்டே ரெண்டு. ஒவ்வொரு ஹவுஸ்கீப்பிங் அக்காவுக்கும் இ.எஸ்.ஐ. நம்பரும் பே ஸ்லிப்பும் இருக்கா? முடிச்சூர் அக்கா திரும்பி வரும்போது அவர் வேலை இருக்குமா? அடுத்த ஸ்டூடண்ட் கவுன்சில் மீட்டிங்கில் நான் கேட்கப்போறேன். கைதட்டியவங்களும் கூட வாங்க.