அறுவடை யந்திரத்தை அளந்து பார்ப்போம்

தை பிறந்ததும் பொன்னேரியிலிருந்து பழவேற்காடு செல்லும் வழியில், திருப்பாலைவனத்து வயல்களில் அறுவடை யந்திரம் இறங்கிவிடுகிறது. வெளி ஜில்லாக்களிலிருந்து லாரிமீது ஏறி வருகிறது. மணிக் கணக்கில் வாடகை பேசிக்கொண்டு, பத்துப் பேர் நாள் முழுதும் குனிந்து அறுத்த வயலைச் சொற்ப நேரத்தில் அறுத்து, அடித்து, தூற்றி, நெல்லை வேறாகக் கொட்டிவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுகிறது. வரப்பில் நிற்கும் சிறுவர் கூட்டம் அதன் பின்னாலேயே ஓடுகிறது. அந்த யந்திரத்தின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறதென்று அச்சிறுவர்களைக் கேட்டால் சொல்லத் தெரியாது. அவர்கள் தகப்பன்மாருக்கும் தெரியாது. உண்மையைச் சொல்லப்போனால், இதை எழுதும் நமக்கும் நெடுநாள் தெரியாமலே இருந்தது.

ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 1971-ஆம் ஆண்டு முதல் ராக்கெட்டுகள் வானத்தில் ஏறுகின்றன. அதைக் கண்டு பெருமை கொள்ளாத இந்தியன் இல்லை. ஆயினும் ஏரியின் இக்கரையில், நாம் உண்ணும் சோற்றுக்கு நெல்லைப் பிரித்துத் தரும் யந்திரம் நமக்கு மூடிய பெட்டியாகவே இருந்து வருகிறது. வாடகை கொடுப்பதோடு நம் சம்பந்தம் தீர்ந்துவிடுகிறது.

ஆகையால் நாம் ஒரு யோசனை கூறுகிறோம். பொன்னேரித் தாலூகாவின் ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளியிலும் மாணாக்கர் அறுவடை யந்திரத்தின் மாதிரி ஒன்றைத் தம் கையாலேயே செய்யவேண்டும். கடையில் விற்கும் பாகங்களை வாங்கிப் பூட்டுவது கூடாது. தகர டப்பா, மரத்துண்டு, பழைய சைக்கிள் உதிரி, பனையீர்க்கு இவற்றைக் கொண்டு, உண்மை யந்திரத்தை நாடா வைத்து அளந்து, அந்த அளவு பிசகாமல் சிறிதாக்கிச் செய்யவேண்டும்.

பொம்மை செய்வதா தேசத் தொண்டு என்று நகைப்போர் உண்டு. அவர்களுக்கு நாம் சொல்லக்கூடியது இதுதான். பட்டினப்பாலையின் காலத்திலேயே தமிழ்ச் சிறுவர் குதிரை பூட்டாத மூன்று சக்கரச் சிறுதேரை உருட்டினார்கள். இன்றும் பழவேற்காட்டுப் பக்கத்துப் பிள்ளைகள் நுங்குக் கோம்பையில் வண்டி செய்கிறார்கள். தஞ்சையில் பெரிய கோயிலை நெட்டியில் சிற்றுருவாகச் செதுக்கிக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து விற்கிறார்கள். கைத்திறமைக்கு நம்மிடம் என்றும் பஞ்சமில்லை. கோயிலைச் சிறிதாக்கத் தெரிந்த கை யந்திரத்தைச் சிறிதாக்க ஏன் துணியவில்லை என்பதே நமது கேள்வி.

மேனாட்டில் இத்தொழில் எப்படிப் பிறந்தது என்பதைப் பார்க்கவேண்டும். ஸ்காத்லாந்தில் பாட்ரிக் பெல் என்ற குடியானவன் மகன், பாதிரியாராவதற்குப் படித்துக்கொண்டிருந்தவன், தோட்டத்துக் கத்தரியைக் கண்டு கதிரறுக்கும் யந்திரம் ஒன்றை மனத்தில் அமைத்தான். 1827-ஆம் ஆண்டு முதலில் சிறு மாதிரி செய்தான். பிறகு வேண்டிய பாகங்களை மரத்தில் செதுக்கிக் கொல்லனுக்கு அனுப்பி, அவற்றைப் போலவே இரும்பில் அடித்துத் தரச் சொன்னான். கொட்டகைக்குள் மண்ணைக் கொணர்ந்து பரப்பி, அதில் தாளைத் தாளாக நட்டு, கதவைச் சாத்திக்கொண்டு அறுத்துப் பார்த்தான். அடுத்த ஆண்டு அது வயலில் வேலை செய்தது. அதற்கு அவன் உரிமைப் பட்டயம் கேட்கவுமில்லை. கம்பெனியும் மூலதனமும் இவனுக்குப் பின்னால் வந்தவை.

நம் கடற்கரைக்கே உரிய மற்றோர் உதாரணமும் உண்டு. எட்மண்ட் பாரீ என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி சோழமண்டலக் கரைக்கு வந்தபோது, நம் செம்படவரின் கட்டுமரத்தையும் மசூலாப் படகையும் அங்குலம் அங்குலமாக அளந்து படம் வரைந்து 1840-களில் புஸ்தகமாக்கினார். 1871-இல் பாரிஸ் கடற்படைக் காட்சிசாலையின் தலைவரானதும், தாம் வரைந்த படங்களைக் கொண்டு பல தேசத்துப் படகுகளுக்கும் மாதிரிகள் செய்வித்தார். நம் ஓடாவிகள் கண்ணளவாலேயே கட்டிய படகுகளை அந்நியர் ஒருவர் அளந்து தம் தேசத்துக்கு அறிவாக எடுத்துச் சென்றார். அதில் நமக்குக் கோபமில்லை. ஆனால் அவர்கள் அறிவில் பிறந்த யந்திரங்கள் நம் வயலில் நிற்கையில், நாடாவை எடுத்துக்கொண்டு அவற்றிடம் போகிறவர் நம்மில் எத்தனை பேர்?

வேலையின் விவரத்துக்கு வருவோம். யந்திரத்தின் முகப்பிலுள்ள வெட்டுப்பட்டை சுமார் 2 மீட்டர் என்று கொள்வோம். இருபதில் ஒரு பங்காகச் சிறிதாக்கினால் 10 சென்டிமீட்டர் வரும். பெரும்பாலான யந்திரங்களில் வெட்டும் பல் ஒவ்வொன்றும் 3 அங்குல அகலம். எனவே அந்த 10 சென்டிமீட்டரில் 26 பற்களைத் தகரத்தில் வெட்டி அரத்தால் ராவ வேண்டும். ஒவ்வொன்றும் 4 மில்லிமீட்டருக்குக் குறைவு. பட்டைக்கு மேல் கதிரைச் சாய்த்துக் கொடுக்கும் சுழல் சட்டம், அதன் பின்னே கதிரை நடுவுக்குத் தள்ளும் திருகு, மேலே ஏற்றும் சங்கிலி, கதிரடிக்கும் உருளை, உருளையின் கீழ் வளைந்த சல்லடை, பதரை ஊதும் விசிறி, நெல் சேரும் தொட்டி. இவற்றை வரிசையாக மனப்பாடம் செய்த மாணாக்கன் பரீட்சையில் தேறலாம். திருகின் இடப்பக்கத்து மறை ஒரு திசையிலும் வலப்பக்கத்து மறை எதிர்த் திசையிலும் ஏன் ஓடுகிறதென்பது, அதைத் தகரத்தில் சுற்றத் தொடங்கி ஒரு முறை தவறாகச் சுற்றியவனுக்கே விளங்கும்.

யந்திரத்தோடு வயலையும் அதே அளவில் செய்யவேண்டும். இதை நாம் மிகவும் வற்புறுத்துகிறோம். 20 சென்ட் வயலொன்றை இருபதில் ஒரு பங்காக்கினால் 2 சதுர மீட்டர், அதாவது ஒரு பெரிய மேஜை. அதில் வரப்பு கட்டி யந்திரத்தை ஓட்டித் திருப்பிப் பார்த்தால், மூலைகளில் எவ்வளவு கதிர் அறுபடாமல் நிற்கிறது, திரும்புவதற்கே எவ்வளவு இடம் போகிறது என்பதெல்லாம் கண்முன் வரும். தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர் என்று 2015-16 விவசாயக் கணக்கெடுப்பு கூறுகிறது. அதுவும் பல துண்டுகளாகக் கிடப்பது நாம் அறிந்ததே.

மாதிரி சொல்லாத உண்மைகளும் உண்டு; அவற்றையும் மாணாக்கர் அறியவேண்டும். நாலாயிரம் கிலோ எடையுள்ள யந்திரத்தை அதே பொருள்களால் இருபதில் ஒரு பங்காக்கினால் எடை எண்ணாயிரத்தில் ஒரு பங்கு, அரைக் கிலோதான். பூமியை மிதிக்கும் பரப்போ நானூற்றில் ஒரு பங்கு. ஆகவே ஏரியோரத்துச் சேற்றில் பெரிய யந்திரம் புதைந்து நிற்க, சிறியது மிதப்பதுபோல் போய்விடும். இந்த நியாயத்தைக் கலிலியோ 1638-இலேயே எழுதி வைத்தார். நெல்மணியும் நம்மோடு சேர்ந்து சுருங்குவதில்லை. இந்த மாதிரிக்கு ஒரு நெல் என்பது, பெரிய யந்திரத்துக்குச் சாண் நீளத்துக்குச் சற்றுக் குறைந்த நெல்லைப் போன்றது. அடித்துத் தூற்றிக் காட்ட வேண்டுமானால் உருளையையும் சல்லடையையும் மட்டும் நாலில் ஒரு பங்காகத் தனியே செய்ய வேண்டும். இந்தக் கணக்குகளைப் பலகையில் எழுதிக் காட்டினால் பையன் தூங்குகிறான். கையில் மாதிரியோடு சேற்றில் இறங்கினால் அவனே கேட்கிறான்.

அவன் கேட்கப்போகும் கேள்விகளில் ஒன்று வைக்கோலைப் பற்றியது. நெல் தலையில் மட்டும் இருக்க, தாள் முழுவதும் ஏன் உருளைக்குள் போய்ச் சிதைய வேண்டும்? சிதைந்த வைக்கோலைக் கட்டுவதற்கு மற்றோர் யந்திரத்துக்கு வாடகை கொடுக்கும் குடியானவன் நாவிலும் இதே கேள்வி நிற்கிறது. ஜப்பானில் 1960-களிலேயே, கதிரின் தலையை மாத்திரம் உள்ளே செலுத்தித் தாளை முழுசாக வெளியே விடும் சிறிய அறுவடை யந்திரங்களைச் செய்தார்கள். தங்கள் சிறு வயல்களுக்கு ஏற்றபடி யந்திரத்தை வெட்டித் தைத்துக்கொண்டார்கள். நாமோ யந்திரத்துக்கு ஏற்றபடி வரப்பை வெட்டிக்கொண்டிருக்கிறோம்.

நம்மால் ஆகாதென்று யாரும் சொல்ல வேண்டாம். துர்க்காபூர் ஆராய்ச்சிசாலையில் நம்மவர் வகுத்த டிராக்டர் 1974-இல் பஞ்சாபிலிருந்து ‘ஸ்வராஜ்’ என்ற பெயரோடு வெளிவந்தது. அதற்கும் முற்பட்ட சரித்திரம் ஒன்று தமிழருக்கே உரியது. 1929-இல் காந்தியடிகளின் சர்க்கா சங்கம் சிறந்த கைராட்டினத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் பரிசு அறிவித்தது. எவருடைய ராட்டினமும் நிபந்தனைகளை நிறைவேற்றவில்லை. பல ஆண்டுகள் கழித்துத் தமிழ்நாட்டு ஏகாம்பரநாதன், ஆலையில் நூற்றுக்கணக்கான கதிர்களோடு ஓடும் நூற்பு யந்திரத்தின் நியாயத்தையே எடுத்து, கையால் சுற்றும் சிறு ராட்டினமாக்கினார். அம்பர் சர்க்கா என்று அவர் பெயரின் ஒரு பகுதியைத் தாங்கி அது 1950-களில் நாடெங்கும் பரவியது. பெரியதைச் சிறிதாக்கத் தெரிந்த ஒருவர் ஏழையின் வீட்டுக்குள் ஆலையைக் கொண்டுவந்த கதை அது. ராட்டினத்துக்கு நடந்தது கதிர் அறுப்புக்கும் நடக்க வேண்டும். எங்கே தொடங்கும் என்று நமக்குத் தெரியாது. திருப்பாலைவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்து மேஜையில் தொடங்கினால் ஆச்சரியப்படமாட்டோம்.

ஒரு ஆட்சேபத்தை மட்டும் இலேசாகத் தள்ள நமக்கு மனம் வரவில்லை. இந்த யந்திரம் அறுப்புக் கூலியால் அடுப்பெரித்த பெண்களின் கையைச் சும்மாவாக்கியது. அதன் பொம்மையைச் செய்து கொண்டாடுவதா என்று கேட்பவர் நியாயமே பேசுகிறார். கூலி போனது மெய். ஆனால் தன் வேலையைப் பறித்தது இன்னதென்று உள்ளும் புறமும் அறியும் உரிமை எவரையும்விட அப்பெண்ணின் மகளுக்கு உண்டு. யந்திரத்தைப் பழுது பார்க்கும் கூலியாவது இவ்வூரிலேயே நிற்குமானால், போனதில் சிறு பங்கு திரும்பும். ஆகவே இந்த வேலையில் பெண் குழந்தைகளை ஒதுக்கி வைக்கலாகாது. ஈர்க்கிலும் ஓலையிலும் நுட்பமான பெட்டி முடையும் பழவேற்காட்டுப் பெண்களின் விரல்களுக்கு 4 மில்லிமீட்டர்ப் பல் பெரிய காரியமன்று.

செலவு அதிகமில்லை. ஊர்க் கொல்லரும் தச்சரும், குப்பங்களிலிருந்து படகு வேலை தெரிந்த முதியவர் ஒருவரும் வாரம் ஒரு பிற்பகல் பள்ளிக்கு வரவேண்டும். அவர்களுக்கு ஆசிரியரைப் போல நாற்காலியும் அன்றைய கூலியும் கொடுக்கவேண்டும். சொர்ணவாரி அறுப்புக்கு யந்திரம் வரும்போது, ஓட்டுநர் சாப்பிட உட்காரும் நேரத்தில் அவர் அனுமதியோடு, யந்திரம் நின்றிருக்கையில் அளவெடுத்துவிடலாம். மழைக் காலத்தில் வகுப்பறையில் வேலை நடக்கும். தையில் யந்திரம் மறுபடி வயலில் இறங்கும் அன்று மாதிரியை வரப்பில் கொண்டுபோய் வைத்து, ஓட்டுநரையே அழைத்துக் காட்ட வேண்டும். பிழை இருக்கும் இடங்களை அவர் சுண்ணாம்புக்கட்டியால் குறித்துக் கொடுக்கட்டும்.