திருத்திய பதிப்பு வேண்டுமா?

அச்சேறிய நூலொன்று சில ஆண்டுகள் கழித்துத் திருத்திய பதிப்பாக வெளிவருதல் புதுமையன்று. இலக்கண நூலோ கணித நூலோ அவ்வாறு வெளிவருமாயின், அதனை வாங்குவதா வேண்டாவா என்பதை வாசகர் தத்தம் தேவை நோக்கித் தனியே தீர்மானித்துக்கொள்ளலாம். பலர் கூடி ஆடும் விளையாட்டின் விதிநூல் திருத்தப்படுமிடத்தோ, ஒருவருடைய தீர்மானம் ஏனையோரையும் கட்டுப்படுத்துகின்றது. ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்னும் அமெரிக்க விளையாட்டின் விதிநூல் 2024ஆம் வருஷத்தில் திருத்தம் பெற்றதிலிருந்து, அதனை ஆடுவோரிடையே இக்கேள்வி ஓயாது எழுந்து வருகின்றது. ஆகவே இதுபற்றி எமது அபிப்பிராயத்தை வெளியிடத் துணிகின்றோம்.

இவ்விளையாட்டை அறியாதார்பொருட்டுச் சில சொல்லுவாம். நால்வர் ஐவர் ஒரு மேஜையைச் சுற்றி அமர்வர். ஒருவர் கதையை நடத்துவார். ஏனையோர் வீரனாகவோ மந்திரவாதியாகவோ கள்வனாகவோ ஆளுக்கொரு பாத்திரத்தை மேற்கொண்டு, தாம் செய்யப்போவது இன்னதென்று கூறுவர். அம்முயற்சி பலித்ததா என்பதை இருபது முகங்களையுடைய பகடையொன்று அறிவிக்கும். ஒருவர் வெல்ல மற்றவர் தோற்கும் முடிவு இதில் இல்லை. ஒரே கதை மாதக்கணக்காகவும், சிலவிடத்து ஆண்டுக்கணக்காகவும் நீளும். இத்தகைய ஆட்டத்தில் பலரையும் ஒருங்கு பிணிப்பது எல்லாரும் ஒப்புக்கொண்ட விதியேயாம்.

கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் இதனை 1974இல் மூன்று சிறு புத்தகங்களாக வெளியிட்டனர். அதன்பின் பதிப்புக்கள் பல தோன்றின. 2000இல் மூன்றாம் பதிப்பும், 2003இல் அதன் திருத்தமும், 2008இல் நான்காம் பதிப்பும், 2014இல் ஐந்தாம் பதிப்பும் வந்தன. இவற்றுள் நான்காம் பதிப்பின் வரலாறு சிந்திக்கத்தக்கது. அது முந்தியதினும் பெரிதும் வேறுபட்டமையால் பலர் அதனை ஏற்க மறுத்தனர். 2009இல் பைசோ என்னும் வேறொரு பதிப்பகம் பழைய விதிகளைத் தழுவிப் ‘பாத்ஃபைண்டர்’ என்னும் விளையாட்டை வெளியிடவே, ஆடுவோர் இரு கூறாகப் பிரிந்தனர். புதியது என்பதனாலேயே ஒரு நூல் பழையதன் இடத்தைப் பெற்றுவிடாது என்பது இதனால் விளங்கும்.

இனி 2024ஆம் வருஷத்துத் திருத்தத்தின் குணங்களை நடுநிலையில் நின்று நோக்குவோம். ஆடுவோர்க்குரிய முதல் நூல் 320 பக்கத்தினின்று 384 பக்கமாக வளர்ந்துள்ளது. எனினும், வேண்டிய விதியை வேண்டிய இடத்தில் காணுமாறு செம்மையாக அமைந்துள்ளது. முன்னர்ப் படைவீரனாக ஆடுபவன் முறைதோறும் ஓங்கி அடிப்பதன்றி வேறு செய்தற்கு வழி குறைவு. இப்பொழுதோ ஆயுதம் ஒவ்வொன்றுக்கும் தனித்திறன் உண்டு: போர்க்கோடரி பகைவனை நிலத்தில் வீழ்த்தும், போர்ச்சம்மட்டி அவனைப் பின்னுக்குத் தள்ளும். களைப்பைப்பற்றிய பழைய விதியில் ஆறு நிலைக்கு ஆறு வேறு பலன்களை நினைவில் வைத்தல் வேண்டும். புதிய விதியில் நிலைக்கு இரண்டாகப் பகடைத்தொகையில் கழித்து, வேகத்தையும் சிறிது குறைத்தால் அமையும். இவை மெய்யான சீர்திருத்தங்களே.

குறைகளும் இல்லாமலில்லை. ஆயுதத்தின் தனித்திறன் அடிதோறும் ஒரு கணக்கைக் கூட்டுகின்றது. கணக்குப் பெருகப் பெருகக் கதையின் ஓட்டம் தளர்கின்றது. மேலும், பெயர் மாறாது பொருள் மாறிய விதிகள் பல. காயம் ஆற்றும் முதல்நிலை மந்திரத்துக்குப் பழைய நூல் எண்முகப் பகடை ஒன்றை உருட்டச் சொல்லும். புதிய நூல் இரண்டை உருட்டச் சொல்லும். ஒரே மேஜையில் இருவர் இருவேறு நூல்களை விரித்து அமர்வராயின், ஒரே மந்திரம் ஒருவன் கையில் ஒன்றாகவும் மற்றொருவன் கையில் இரண்டாகவும் பலிக்கும். அப்பால் ஆட்டம் ஏது? வழக்கே மிஞ்சும்.

பொருட்செலவும் எண்ணத்தக்கது. விதிநூல்கள் மூன்று, ஒவ்வொன்றும் வெளிவந்தபோது விலை ஏறத்தாழ 50 டாலர். வசதியுள்ளவன் முதல் நாளிலேயே வாங்கிவிடுவான். இயலாதவன் தன் இயலாமையைச் சொல்ல நாணி, ஏதோ ஒரு காரணங் காட்டி மேஜையினின்று மெல்ல விலகுவான். அவன் விலகுதலால் நேரும் நஷ்டத்தை எத்திருத்தமும் ஈடுசெய்யாது.

இன்னொரு நிகழ்ச்சியும் நினைவில் இருத்தத்தக்கது. 2024 ஆகஸ்டு மாதத்தில், இவ்விளையாட்டுக்குரிய இணையத்தளத்தார், ஆடுவோர் அங்கே எழுதி வைத்திருந்த பாத்திரக் குறிப்புக்களில் பழைய மந்திரங்களை நீக்கிப் புதியனவற்றை இடப்போவதாக அறிவித்தனர். கண்டனம் பெருகவே, சில நாட்களில் அத்திட்டத்தைக் கைவிட்டனர். பதிப்பை மாற்றுதல் மேஜையில் அமர்வோர் உரிமை. அவரறியாமல் பிறர் மாற்றுதல் தகாது. அலமாரியிலுள்ள அச்சு நூல் எவருடைய அறிவிப்பாலும் எழுத்து மாறுவதில்லை.

ஆயின், பழையதே போதுமென்று புதியதைப் பாராமலே தள்ளுவோரையும் யாம் ஆதரியோம். படித்துப் பார்த்து மறுப்பது விவேகம். படியாமல் மறுப்பது சோம்பலுக்கு இட்ட நல்ல பெயர். புதிய விதிகளின் சாரத்தைப் பிரசுரகர்த்தர் 2025 ஏப்ரலில் பொது அநுமதியோடு வெளியிட்டிருக்கின்றனராதலின், விலையின்றியே பரீட்சித்தற்கு வழியும் உண்டு.

எனவே எமது முடிபு இது. புதிதாக ஆடத் தொடங்குவோர் திருத்திய பதிப்பையே கைக்கொள்க. கற்றற்கு எளியது அதுவே. கதையின் நடுவில் இருப்போர் அக்கதை முடியுங்காறும் பழைய விதியிலேயே நிற்க. பாதிவழியில் விதியை மாற்றுதல், நண்பன் நெடுநாள் வளர்த்த பாத்திரத்தை அவனைக் கேளாது திருத்துதலை ஒக்கும். கதை முடிந்தபின் எல்லாரும் கூடி, ஓரிரு மாலை புதிய விதியில் ஆடிப் பார்த்து, அதன்பின் ஒருமனப்பட்டுத் துணிக. மாறுவதெனின், நூல் வாங்க இயலாதவனுக்கும் மேஜைமேல் பொதுப்பிரதி ஒன்று இருத்தல் வேண்டும்.

விதிநூலைச் சில ஆண்டுகட்கு ஒருமுறை எவரும் திருத்தி அச்சிடலாம். வாரந்தோறும் குறித்த பொழுதில், வேறு அலுவலை ஒதுக்கிவிட்டு, ஒருவர் கதையை ஒருவர் செவிகொடுத்துக் கேட்க வரும் நால்வர் ஐவரை எந்த அச்சுக்கூடமும் அச்சிட்டுத் தராது. அவர்கள் கூட்டத்தைக் கலையாது காக்கும் பதிப்பு எதுவோ, அதுவே அம்மேஜைக்கு ஏற்ற பதிப்பு.