நான்கு கோட்டு நோட்டில் எழுதப்படும் தலையெழுத்து

'கையெழுத்து நல்லா இருந்தா தலையெழுத்து நல்லா இருக்காது' என்று ஊரில் சொல்வார்கள். பிரம்மன் எழுதியதாகச் சொல்லப்படும் தலையெழுத்தின் யோக்கியதையைப் பெரியார் எப்போதோ சந்திக்கு இழுத்துவிட்டார். ஆனால், கையெழுத்தைப் பார்த்துப் பிள்ளைகளுக்குத் தலையெழுத்து எழுதும் வேலை ஒன்றாம் வகுப்பிலேயே நடக்கிறது. அதைத்தான் நாம் கண்டுகொள்வதில்லை.

ஏற்காட்டில் 1917இல் தொடங்கப்பட்ட மான்போர்ட் போன்ற ஆங்கில உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. அதே சேர்வராயன் மலையில்தான் மலையாளிப் பழங்குடிகளின் பிள்ளைகளும் காபித் தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகளும் படிக்கும் அரசுப் பள்ளிகளும், பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளும் இருக்கின்றன. வசதியான வீட்டுக் குழந்தை மூன்று வயதிலேயே கிரேயான் பிடித்துக் கிறுக்கத் தொடங்கிவிடுகிறது. தோட்டத்து லைன் வீட்டுப் பிள்ளைக்குப் பென்சில் கையில் கிடைப்பதே பெரும்பாலும் பள்ளிக்கு வந்த பிறகுதான். இருவரின் 'ஏ, பி, சி, டி'யையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, 'இந்தச் சனங்களுக்குச் சுத்தமே வராது' என்கிறார்கள்.

'சுத்தமாக எழுது' என்கிறோம். சேரியையும் மலையையும் ஒதுக்கிவைக்கப் பயன்பட்ட அதே சொல்தான் இது. இடது கையால் எழுதும் பிள்ளையைப் 'பீச்சாங்கை' என்று அடிப்பதும் இதே தீட்டுப் புத்திதான்.

அழகாக எழுதுவது பிறவியில் வருவதல்ல, சொல்லிக்கொடுத்தால் வருவது. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதம் கிடையாது. ஒரே எழுத்துக்கு எதற்கு இரண்டு உருவம் என்று பிள்ளை திகைப்பது நியாயமே. ஆகவே பெரிய எழுத்துகளை அகர வரிசைப்படி திணிக்க வேண்டியதில்லை. எல், டி, ஐ, இ, எஃப், எச் ஆகியவை வெறும் நேர்கோடுகள், அவை முதலில். ஏ, வி, எம், என் போன்ற சாய்கோட்டு எழுத்துகள் அடுத்து. ஓ, சி, ஜி, எஸ் என்ற வளைவுகள் கடைசியில். மணலில், பலகையில் பெரிதாக எழுதிப் பழகிய பிறகே நான்கு கோட்டு நோட்டு. அதில் பெரிய எழுத்து முதல் கோட்டில் தலை வைத்து, மூன்றாம் கோட்டில் நிற்கும். இதை ஒவ்வொரு பிள்ளையின் பக்கத்திலும் உட்கார்ந்து காட்ட ஆசிரியருக்கு நேரம் வேண்டும். 2022இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலை பிரிக்கிறது. நல்லதுதான். ஆனால் மூன்று வகுப்புக்கும் சேர்த்து ஒரே ஆசிரியர் என்றால், அவர் யார் பக்கத்தில் உட்காருவார்?

'கணினிக் காலத்தில் கையெழுத்து எதற்கு?' என்று நம் முற்போக்கு நண்பர்களே கேட்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைக்கு வேண்டுமானால் தேவைப்படாது. வங்கிப் படிவம், பான் அட்டைப் படிவம், தேர்வு விடைத்தாள் எல்லாமே பெயரைப் பெரிய எழுத்தில், கட்டத்துக்குள் எழுதச் சொல்கின்றன. 'யு' என்று எழுதியது 'வி' போலத் தெரிந்தால் பதிவேட்டில் 'வி' என்றே ஏறிவிடும். பள்ளிச் சான்றில் ஒரு பெயர், சாதிச் சான்றில் ஒரு பெயர் என்றாகிவிட்டால், கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு மலையிறங்கி அலைபவர் ஒரு நாள் கூலியையும் இழக்கிறார்.

அதனால் முதலில் பழக்க வேண்டியது பிள்ளையின் சொந்தப் பெயரைத்தான். பெயருக்குப் பின்னால் ஒட்டியிருந்த சாதிப் பட்டத்தை வெட்டச் சொன்னது 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு. இன்று நம் பிள்ளை தன் பெயரோடு சேர்த்து எழுதவேண்டியது ஒரே ஒரு முன்னெழுத்துதான். அதை நிமிர்த்தி எழுதக் கற்றுக்கொடுக்க, மலைப்பள்ளிகளில் வகுப்புக்கு ஓர் ஆசிரியரை அரசு நியமிக்கட்டும்.