எண்ணூர்க் கரையில் தீராத கடன்

அருவங்காட்டவனான எனக்குக் கடல் தொலைதூரச் செய்தி; ஆலைச் சங்கோ அண்டைவீட்டுச் செய்தி. வெடிமருந்துத் தொழிற்சாலையின் அருகே வாழ்வோர், ஆலையின் பிழை வேலிக்குள் அடங்காது என்பதை நன்கறிவர். அந்நினைவோடுதான் 2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரம் சென்றேன்.

மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியே கொசஸ்தலை ஆற்றில் கலந்திருந்தது. படகிலும் வலையிலும் கூழைக்கடாவின் சிறகிலும் ஒரே கருமை. மீனவர்கள் குவளையால் எண்ணெயை அள்ளிக்கொண்டிருந்தனர். 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்தருகே இரு கப்பல்கள் மோதியபோதும் வாளிகளே துணை நின்றன. கடலுக்குக் கேடில்லை என்றே துறைமுகம் அன்று முதலில் அறிவித்தது. இம்முறை, சுத்திகரிப்பு ஆலையில் மழைநீரைக் கையாளும் ஏற்பாடு போதாமையே காரணம் என்றது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். தன் குழாய்களில் கசிவில்லை என்றது ஆலை.

மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாயும், படகைச் சீர்செய்ய 10,000 ரூபாயும் அரசு அறிவித்தது. நல்லதே. ஆயினும் ‘நிவாரணம்’ என்ற அச்சொல் நெருடுகிறது. அது கொடுப்பவரின் கருணையைச் சொல்கிறதேயன்றிக் கெடுத்தவரின் கடனைச் சொல்லவில்லை. ‘ஹக்குல் இபாத்’ எனும் அடியார் உரிமையைப் பறித்தவன், தொழுகையாலும் நோன்பாலும் அதனைத் தீர்த்துவிட இயலாது. உரியவரிடமே தீர்க்கவேண்டும் என்று நம் உலமாக்கள் எத்தனை ஜும்ஆக்களில் உரைத்திருக்கின்றனர்! ஸதக்கா வேறு, கடன் வேறு அன்றோ?

வலை வீசாத நாட்களை எண்ணிவிடலாம். வீசியும் விலைபோகாத நாட்களை எவர் எண்ணுவார்? எண்ணூர் மீன் என்றதும் சந்தையில் விலகிச் சென்றோருள் நானும் ஒருவன்.