படத்தின் கீழ் எழுதினது வேதமா?

நமது நாட்டில் ஊருக்கு ஊர் ஸ்தலபுராணம் உண்டு; ஊர்ச் சரித்திரம் மாத்திரம் கிடையாது. தன் பாட்டனுக்குப் பாட்டன் எந்தக் குளத்தில் தண்ணீர் மொண்டான், எந்தக் குளத்தில் மொள்ளக் கூடாதென்று விரட்டப்பட்டான் என்று கேட்டால் விழிக்கிறவர், ஊர்ச் சாமி எந்த யுகத்தில் யாருக்குக் காட்சி கொடுத்ததென்பதைத் தடையில்லாமல் ஒப்புவிப்பார்.

இதற்கு இப்போது ஒரு நல்ல மருந்து கிடைத்திருக்கிறது. லின்னேயஸ் டிரைப் என்னும் ராணுவ அதிகாரி 1858-இல் மதுரை, தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டைப் பக்கங்களில் எடுத்த போட்டோக்களை லண்டன், நியூயார்க் மியூசியங்கள் இணையத்தில் போட்டிருக்கின்றன. செல்போன் உள்ள எவரும் காசில்லாமல் பார்க்கலாம். ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் முழுவதும் அநாதி காலத்தது என்று ஒருவர் சாதித்தால், அவரோடு தர்க்கம் செய்வானேன்? பழைய படத்தில் அது மொட்டையாய் நிற்பதைக் காட்டினால் போதும். முடித்துக் கட்டியது 1987-இல்தான்.

தேடுகிறபோது ஒரு சங்கதி. தஞ்சாவூர் என்று போட்டால் பாதிப் படம் அகப்படாது. வெள்ளைக்காரன் வாயில் நுழைந்தபடி டாஞ்சூர், டிரிச்சினாபொலி, கஞ்சீவரம், நெகபட்டாம் என்று ஆங்கில எழுத்தில் தேட வேண்டும். கோவில் என்பது அவனுக்குப் பகோடா. மாமல்லபுரம் ஏழு பகோடா. தரங்கம்பாடியோ 1845 வரை டேனிஷ்காரர் வசமிருந்த ஊர். அங்கே வேலை செய்த லைப்சிக் பாதிரிமார் சங்கத்தின் படங்களைக் கலிபோர்னியாவிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் சேகரத்தில் போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது! கண்ட படத்தை உடனே இறக்கி வைத்துக் கொள்ளுங்கள். 2023 அக்டோபரில் கணினித் திருடர்கள் பிரிட்டிஷ் நூலகத்துக்குள் புகுந்ததில், அதன் இணையச் சேகரங்கள் மாதக்கணக்கில் பார்க்கக் கிடைக்காமற் போயின.

ஆனால் படத்தின் கீழே எழுதியிருப்பதை அப்படியே நம்பலாமா? சீமையில் அச்சான இங்கிலீஷ் எழுத்து என்பதற்காக நம்புவதானால், ஏட்டில் இருக்கிறதென்று மனுதர்மத்தை நம்புகிறவருக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? 1876–78 பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் எலும்புந்தோலுமாய்க் கிடந்த ஜனங்களை உட்கார வைத்து ஹூப்பர் என்ற பட்டாளத்துக்காரர் படமெடுத்தார். அந்தப் படங்களை 1943 வங்காளப் பஞ்சமென்று தலைப்புக் கொடுத்து எத்தனையோ பேர் பரப்பினார்கள். செத்தது நம் பாட்டனும் பாட்டியும். கணக்கில் ஏறியது வேறு நாட்டில், வேறு காலத்தில். இந்தத் தப்பை இன்றைக்கும் பள்ளிப் பிள்ளைகள் அப்படியே எடுத்து எழுதுகிறார்கள். ஒரே படத்தை இரண்டு மூன்று சேகரங்களில் வைத்துப் பார்த்தால், முதலில் எடுத்தவர் யார், எந்த வருஷம் என்பது பெரும்பாலும் வெளிவந்துவிடும்.

படமே பொய் சொல்லுவதும் உண்டு. டிரைப் துரை தம் நெகட்டிவுகளில் வர்ணம் பூசி ஆகாயத்தில் மேகம் உண்டாக்கியவர். அந்த மேகத்தைக் கொண்டு மழைக்காலமென்று யாரும் தீர்மானித்துவிட வேண்டாம்.

இதைவிடப் பெரிய அக்கிரமம் ஒன்று. சென்னை மியூசியத்துக்குத் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன் 1909-இல் ஜாதிகளைப் பற்றி ஏழு பாகம் வெளியிட்டார். மனிதனின் மூக்கை அளந்தார், மண்டையை அளந்தார். படத்திலிருக்கிற மனிதனுக்கோ பெரும்பாலும் பேரில்லை, ஜாதிதான் பேர். ராஜா படமென்றால் பேரும் பட்டமும் வரி வரியாக நிற்கும். உழுகிறவனும் கல்லுடைக்கிறவளும் "ஒரு வகை" ஆகிவிடுகிறார்கள். கோவில் படத்தின் மூலையில் அளவுக்காக நிற்க வைக்கப்பட்ட கூலிக்காரன் யாரென்று எந்தத் துரையும் விசாரிக்கவில்லை. நம் ஊர்ப் பெரிய மனிதர்களும் விசாரிக்கவில்லை.

புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களின் பழைய குடும்பப் படங்களைச் சேகரித்துப் பதிந்திருக்கிறார்கள்; வெகு நல்ல காரியம். அதில்கூட ஸ்டூடியோவுக்குக் காசு கொடுக்கச் சக்தியிருந்தவர்களின் முகந்தான் அதிகம் இருக்கும். மற்றவர்களின் ஒன்றிரண்டு படம் உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் செல்லரித்துக் கொண்டிருக்கிறது. வீட்டுக் கிழவி உயிரோடிருக்கும்போதே அதை வெளியே எடுத்து, இருக்கிறவர் யார், எந்தத் தெரு, எந்த வருஷம் என்று கேட்டு, பின்புறம் பென்சிலால் எழுதி வையுங்கள். பேனா வேண்டாம், மை முன்பக்கம் ஊறும்.